நீளக் கேபிளில் டிஜிட்டல் சிக்னல் திக்கும்போது: அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

மேசையில் ஒரு சாண் ஒயரில் நாள் முழுக்கச் சரியாக ஓடிய சென்சார், 8 மீட்டர் கேபிளின் மறுமுனைக்குப் போனதும் திக்கத் தொடங்கும். இந்தக் கோளாறைப் பல முறை சரிசெய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நீளத்தின் மேல்தான் முதலில் பழி போடத் தோன்றும். தேடிப் பார்த்தால் கிரவுண்ட் ஒயரோ, லைனைப் பாசிட்டிவ் பக்கம் இழுத்துப் பிடிக்கும் புல்-அப் ரெசிஸ்டரோ, மறுமுனையில் இறங்கிப்போன வோல்டேஜோதான் பெரும்பாலும் சிக்கும். அதனால் புதுக் கேபிளோ புதுப் போர்டோ வாங்கும் முன் கீழே உள்ள வரிசையில் பாருங்கள். எல்லாத் தலைப்பையும் படிக்க வேண்டாம். முதல் பகுதியை முடித்துவிட்டு உங்கள் அறிகுறிக்குப் போனால் போதும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த மூன்று

குட்டை ஒயர் சோதனை. அதே போர்டு, அதே புரோகிராம், அதே பவர் சப்ளை. கேபிளை மட்டும் கழற்றிவிட்டு ஒரு சாண் ஒயரில் இணையுங்கள். அப்போதும் ஓடவில்லை என்றால் கோளாறு கேபிளில் இல்லை; சென்சாரையும் புரோகிராமையும் பாருங்கள். ஓடினால் தொடருங்கள்.

மறுமுனையில் வோல்டேஜ். மல்டிமீட்டரை சென்சாரின் கால்களிலேயே வைத்து, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். நெட்வொர்க் கேபிளுக்குள் இருக்கும் 24 கேஜ் செம்பு ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.084 ஓம். 10 மீட்டர் கேபிள் என்றால் போக வர 20 மீட்டர், அதாவது 1.7 ஓம். 200 மில்லி ஆம்பியர் இழுத்தால் 0.34 வோல்ட் வழியிலேயே போய்விடும். 5 வோல்ட் சப்ளை இதைத் தாங்கிக்கொள்ளும். 3.3 வோல்ட் 3-க்குக் கீழே இறங்கிவிடும்.

குறைவாக இருந்தால், கேபிளில் சும்மா கிடக்கும் ஜோடிகளை எடுத்து பவருக்கும் கிரவுண்டுக்கும் இரட்டையாகப் போடுங்கள். 5 வோல்ட்டை அனுப்பி, மறுமுனையில் ஒரு சின்ன ரெகுலேட்டர் வைத்து 3.3 ஆக்குவது அதைவிட நல்லது. சென்சாரின் பவர் கால்களை ஒட்டி ஒரு 104 கெப்பாசிட்டரும் (0.1 மைக்ரோபாரட்) 10 மைக்ரோபாரட் ஒன்றும் இருக்கட்டும்.

ஒயரின் உலோகத்தையும் ஒரு தடவை பாருங்கள். பிளேடால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா? அப்படியானால் அது செம்புப் பூச்சுக் கொடுத்த அலுமினியம். அதன் தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, நாலு முறை வளைத்தால் முறிந்தும் போகும். வெளியே வெள்ளை, உள்ளே செம்பு என்றால் கவலை இல்லை. அது வெள்ளீயம் பூசிய நல்ல ஒயர்.

வேகத்தைக் குறைத்துப் பார்ப்பது. பாட் ரேட்டையோ (சீரியலில் நொடிக்கு எத்தனை பிட் என்பது) கிளாக்கையோ கால் பங்காக்குங்கள். சரியாகிவிட்டால், லைன் மேலே ஏற நேரம் போதவில்லை என்று பொருள். புல்-அப்பையும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸையும் பார்க்க வேண்டும். துளிகூட மாற்றம் இல்லையா? அப்போது காரணம் எதிரொலி (ஒயரின் நுனியில் பட்டுத் திரும்பும் சிக்னல்), இரைச்சல், கிரவுண்ட் இந்த மூன்றில் ஒன்று. எதிரொலியைப் பொறுத்தவரை, நொடிக்கு எத்தனை பிட் போகிறது என்பது முக்கியமில்லை. ஒவ்வொரு பிட்டும் எத்தனை வேகமாக ஏறி இறங்குகிறது என்பதுதான் முக்கியம். 1 கிலோஹெர்ட்ஸில் அனுப்பினாலும் சிப்பின் கால் சில நானோ வினாடிக்குள் மேலே ஏறிவிடும்.

## ஐ2சி சென்சார் ஸ்கேனரில் வந்து வந்து மறைகிறது

நீளக் கேபிளில் அதிகம் தொல்லை தருவது இதுதான். ஐ2சி என்பது எஸ்டிஏ (டேட்டா), எஸ்சிஎல் (கிளாக்) என்ற இரண்டு லைனில் பேசும் முறை; ஸ்கேனர் என்பது அதில் எந்த முகவரிகள் பதில் சொல்கின்றன என்று தேடும் புரோகிராம். ஒரே போர்டுக்குள் இருக்கும் சிப்புகள் பேசிக்கொள்ள உருவான முறை இது. 100 கிலோஹெர்ட்ஸிலும் 400 கிலோஹெர்ட்ஸிலும் ஒரு லைனில் மொத்தம் 400 பிக்கோபாரட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. நெட்வொர்க் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 50 பிக்கோபாரட். 8 மீட்டரிலேயே அளவு முடிந்துவிடுகிறது.

*புல்-அப் இருக்கிறதா?* மைக்ரோகண்ட்ரோலருக்குள் இருக்கும் புல்-அப்பை நம்பி விட்டிருந்தால் அதுதான் காரணம். ஆர்டுயினோ யூனோவில் அது 20 முதல் 50 கிலோஓம். அந்தத் தடை வழியாக 400 பிக்கோபாரட் ஏற ஏறத்தாழ 10 மைக்ரோ வினாடி ஆகும்; 100 கிலோஹெர்ட்ஸில் ஒரு முழுத் துடிப்பே அவ்வளவுதான். வெளியே 4.7 கிலோஓம் போட்டால் 1.6 மைக்ரோ வினாடி. அனுமதி 1 மைக்ரோ வினாடி. 2.2 கிலோஓம் போட்டால் முக்கால் மைக்ரோ வினாடிக்கு வந்துவிடும். நான் 3 மீட்டர் தாண்டினாலே 2.2 கிலோஓம் போட்டுவிடுகிறேன்.

*அளவுக்கு மீறிய புல்-அப்பா?* கடைகளில் வரும் சென்சார் போர்டுகளில் ஏற்கெனவே ஒரு ஜோடி புல்-அப் இருக்கும். 4.7 கிலோஓம் உள்ள நாலு போர்டைச் சேர்த்தால் மொத்தம் 1.2 கிலோஓம் ஆகிவிடும். 5 வோல்ட்டில் 1.5 கிலோஓமுக்குக் கீழே போனால், வழக்கமான 3 மில்லி ஆம்பியர் சிப்பால் லைனை முழுசாகக் கீழே இழுக்க முடியாது. பவரை நிறுத்தி, கண்ட்ரோலரைக் கழற்றிவிட்டு, எஸ்டிஏ லைனுக்கும் பாசிட்டிவுக்கும் இடையே ஓம் அளந்தால் மொத்தப் புல்-அப் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

*எஸ்டிஏவும் எஸ்சிஎல்லும் ஒரே ஜோடியில் முறுக்கியிருக்கிறதா?* இதில் நான் இரண்டு சாயங்காலங்களைத் தொலைத்திருக்கிறேன். ஆரஞ்சு ஜோடியில் ஒன்று எஸ்டிஏ, மற்றொன்று எஸ்சிஎல். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஸ்கோப்பில் பார்த்தபோது, கிளாக் ஏறும் ஒவ்வொரு முறையும் டேட்டா லைனில் ஒரு முள் எழுந்தது. இரண்டும் மீட்டர் கணக்கில் பின்னிக்கிடந்தால் ஒன்றின் அசைவு மற்றொன்றில் ஏறாமல் என்ன செய்யும்? ஆரஞ்சு ஜோடியில் எஸ்டிஏவும் கிரவுண்டும், பச்சை ஜோடியில் எஸ்சிஎல்லும் பாசிட்டிவும் என்று மாற்றியதும் முள் மறைந்தது, ஸ்கேனரில் முகவரி நிலையாக நின்றது. ஒவ்வொரு சிக்னலுக்கும் தன் ஜோடியில் கிரவுண்டோ பவரோ துணைக்கு வேண்டும். வேறு எதையும் மாற்றும் முன் இதைப் பாருங்கள்.

*வேகம்.* 400 கிலோஹெர்ட்ஸில் இருந்தால் 100-க்கு வாருங்கள். அப்புறமும் குறைக்கலாம். ஆனால் யூனோவில் செட்கிளாக் கட்டளைக்கு 31,000-க்குக் கீழே கொடுக்காதீர்கள். அந்தக் கணக்கு 8 பிட் ரெஜிஸ்டரில் அடங்காமல் வழிந்துவிடும். 30,000 என்று கொடுத்தால் உண்மையில் 8 லட்சம் ஹெர்ட்ஸ் ஓடும். குறைக்கப் போய் கோளாறு கூடிவிட்டதே என்று குழம்புபவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் செய்தும் நிற்கவில்லை என்றால் பி82பி715 அல்லது பி82பி96 மாதிரி பஃபர் சிப் வைக்கலாம். முதலாவதை இரண்டு முனையிலும் வைக்க வேண்டும். இரைச்சல் அதிகமான இடத்துக்கு, டிஃபரன்ஷியலாக (ஒரே சிக்னலை இரண்டு ஒயரில் எதிரெதிராக) அனுப்பும் பிசிஏ9615. சென்சார் பக்கத்திலேயே ஒரு சின்னக் கண்ட்ரோலரை வைத்து, அளவை மட்டும் நீள தூரத்துக்கென்றே உருவான ஆர்எஸ்-485 வழியாக அனுப்புவது 10 மீட்டருக்கு மேல் நான் தேர்ந்தெடுக்கும் வழி.

## ஐ2சி சில மணி நேரம் ஓடிவிட்டு மொத்தமாக உறைந்துவிடுகிறது

உறைந்த நிலையில் ரீசெட் செய்யாமல் அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது இரண்டு லைனும் சப்ளை வோல்டேஜுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எஸ்டிஏ மட்டும் பூஜ்யத்தில் கிடந்தால், சென்சார் பாதி பைட்டில் நின்றுகொண்டு கிளாக்குக்காகக் காத்திருக்கிறது. இரைச்சலில் ஒரு கிளாக் தவறியிருக்கும். எஸ்சிஎல்லில் கையால் 9 துடிப்பு கொடுத்து, ஒரு ஸ்டாப் அனுப்பினால் விட்டுவிடும். புரோகிராம் தொடங்கும் இடத்திலேயே இதைச் சேர்த்துவிடுங்கள். ஆர்டுயினோவின் வயர் லைப்ரரியில் டைம்-அவுட் வசதி இருக்கிறது, அதையும் இயக்குங்கள். இல்லாவிட்டால் பதிலுக்காகக் காத்தே போர்டு நின்றுவிடும்.

இது உயிரைக் காப்பாற்றும் முதலுதவிதான். எதனால் கிளாக் தவறியது என்பதற்கு மேலே உள்ள பகுதிக்கும் கீழே மோட்டார் பகுதிக்கும் போங்கள்.

## டிஎஸ்18பி20 வெப்பநிலை 85 என்றோ, மைனஸ் 127 என்றோ காட்டுகிறது

இரண்டும் வேறு வேறு கோளாறு.

85 வந்தால்: பவர் வந்ததும் அந்த சென்சார் நினைவில் வைத்திருக்கும் ஆரம்ப மதிப்பு அது. ஒன்று, 12 பிட் அளவுக்குத் தேவையான 750 மில்லி வினாடி முடிவதற்குள் படித்துவிட்டீர்கள். இல்லை, அளக்கும் நேரத்தில் வோல்டேஜ் சரிந்து சென்சார் ரீசெட் ஆகிவிட்டது. நீளக் கேபிளில் இரண்டாவதுதான் வழக்கம். இரண்டே ஒயரில் ஓட்டுகிறீர்களா? மூன்றாவது ஒயரில் தனியாகப் பவர் கொடுங்கள். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். போலிச் சிப்புகள் பலவும் இரண்டு ஒயரில் ஓடுவதே இல்லை.

மைனஸ் 127 வந்தால்: பதிலே வரவில்லை, அல்லது வந்த பதில் சிதைந்திருக்கிறது என்று லைப்ரரி சொல்கிறது. முதலில் ஜாயிண்ட். அடுத்து புல்-அப்: 4.7 கிலோஓமை 2.2 ஆக்கிப் பாருங்கள். அதன் பிறகு கேபிள் போகும் வடிவம். ஒரே புள்ளியிலிருந்து நாலு திசைக்கு நாலு நீளக் கிளை போனால், ஒவ்வொரு கிளையின் நுனியிலிருந்தும் எதிரொலி திரும்பி வந்து மற்றக் கிளைகளைக் கெடுக்கும். ஒரே கேபிளை எல்லா சென்சாரையும் தொட்டுக்கொண்டு போகும்படி மாற்றுங்கள். முடியாத இடத்தில், ஒவ்வொரு கிளைக்கும் கண்ட்ரோலரில் தனிக் கால் ஒதுக்கி, தனிப் புல்-அப் போடலாம்.

## பட்டனைத் தொடாமலே பட்டன் அமுங்கியதாகப் பதிவாகிறது

நீள ஒயர் ஒரு ஆன்டெனா. உள்ளிருக்கும் புல்-அப் அதைப் பிடித்து நிறுத்த முடியாத அளவுக்கு மெலிது. வெளியே 1 முதல் 2.2 கிலோஓம் புல்-அப் போடுங்கள். கண்ட்ரோலர் பக்கம் 1 கிலோஓம் தொடராகவும், காலிலிருந்து கிரவுண்டுக்கு 104 ஒன்றும் வையுங்கள். பட்டனின் இரண்டு ஒயரும் ஒரே முறுக்கு ஜோடியாகப் போகட்டும்; பக்கத்தில் எங்கேயோ கிடைத்த கிரவுண்டில் பட்டனை முடிக்காதீர்கள்.

புரோகிராமில் இன்டரப்ட் வைத்திருந்தால், அதை எடுத்துவிட்டு 5 மில்லி வினாடிக்கு ஒருமுறை படித்து, தொடர்ந்து நாலு முறை ஒரே நிலை இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். மனித விரலுக்கு 20 மில்லி வினாடி தாராளம்.

## எல்இடி பட்டையில் கண்டபடி நிறம் ஓடுகிறது

எந்த இடத்தில் கெடுகிறது என்று பாருங்கள்.

முதல் எல்இடியிலிருந்தே மினுக்கினால் சிக்னல் கோளாறு. டபிள்யூஎஸ்2812பி வகைக்கு, 5 வோல்ட்டில் ஓடும்போது டேட்டா 3.5 வோல்ட்டையாவது தொட வேண்டும். ஈஎஸ்பி32 கண்ட்ரோலர் கொடுப்பது 3.3. குட்டை ஒயரில் எப்படியோ தப்பிவிடும். 3 மீட்டர் இழுத்ததும் முகத்தைக் காட்டும். முதலில் கண்ட்ரோலரின் கிரவுண்டும் பட்டையின் கிரவுண்டும் சேர்ந்திருக்கிறதா, டேட்டாவுடன் அதே ஜோடியில் கிரவுண்ட் போகிறதா என்று பாருங்கள். பிறகு கண்ட்ரோலரை ஒட்டி 5 வோல்ட்டில் ஓடி, 3.3 சிக்னலை 5 ஆக்கும் 74ஏஎச்சிடி125 சிப் ஒன்றும், அதன் வெளியேறும் காலில் தொடராக 82 அல்லது 100 ஓமும் வையுங்கள். நெட்வொர்க் கேபிளின் முறுக்கு ஜோடிக்கு 100 ஓம் இம்பிடன்ஸ் (ஓடும் துடிப்புக்கு அது காட்டும் தடை). அனுப்பும் முனை அதற்குப் பொருந்தினால் மறுமுனையில் பட்டுத் திரும்பும் எதிரொலி இங்கே அடங்கிவிடும்.

சிப் கைவசம் இல்லையா? முதல் எல்இடி ஒன்றை மட்டும் வெட்டி, கண்ட்ரோலருக்குப் பக்கத்தில் வைத்து, அதன் பவரை 1என்4001 டயோடு வழியாகக் கொடுங்கள். அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய 4.3 வோல்ட், எனவே அது கேட்கும் டேட்டா 3 வோல்ட்டாக இறங்கிவிடும். அது திருத்தி வெளியே விடும் 4.3 வோல்ட் அடுத்த எல்இடிக்குப் போதும்.

தொடக்கம் நன்றாக இருந்து, தூரம் போகப் போக வெள்ளை செம்மஞ்சளாக மாறினால் டேட்டாவைத் தொடவே வேண்டாம். பவர் போதவில்லை. வோல்டேஜ் இறங்கும்போது முதலில் நீலமும் பச்சையும் மங்கும், சிவப்பு தாக்குப்பிடிக்கும். முழு வெள்ளையில் ஒரு எல்இடிக்கு 60 மில்லி ஆம்பியர் என்று கணக்குப் போட்டு, பட்டையின் நடுவிலும் கடைசியிலும் தடித்த ஒயரில் பவரைச் சேருங்கள்.

## சீரியலில் குப்பை எழுத்து வருகிறது

எப்போதும் குப்பை என்றால் பாட் ரேட் ஒத்துப்போகவில்லை. யூனோவின் 16 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் 115200 சரியாக வகுபடாது. 2 சதவீதத்துக்கு மேல் பிசகும். மறுபக்கமும் கொஞ்சம் பிசகினால் கதை முடிந்தது. 9600, 38400 இரண்டிலும் பிசகு 0.2 சதவீதம்தான்.

எப்போதாவது குப்பை என்றால் டிஎக்ஸுக்கும் (அனுப்பும் லைன்) ஆர்எக்ஸுக்கும் (வாங்கும் லைன்) தனித்தனி ஜோடி, ஒவ்வொன்றிலும் ஒரு கிரவுண்ட், அனுப்பும் முனையில் 100 ஓம். 9600-க்கு இறக்கியும் தவறு வந்தால் இதோடு மல்லுக்கட்டாமல் ஆர்எஸ்-485 மாட்யூல் ஒரு ஜோடி போட்டுவிடுங்கள்.

## ஆர்எஸ்-485 போட்டும் சரியாக வரவில்லை

1200 மீட்டர் வரை போகக்கூடிய முறை இது. 30 மீட்டரில் திக்கினால் தவறு இணைப்பில்தான்.

- ஒரு பைட்கூட வரவில்லை: ஏ, பி ஒயர்களை இடம் மாற்றுங்கள். எது ஏ, எது பி என்பதில் தயாரிப்பாளர்களே ஒத்துப்போவதில்லை. மாற்றிப் போட்டால் எதுவும் எரியாது.
- கடைசி பைட் மட்டும் வெட்டுப்படுகிறது: அனுப்பி முடியும் முன்பே, அனுப்புவதை இயக்கும் டிஇ காலை இறக்கிவிடுகிறீர்கள். இறக்கும் முன் ஃப்ளஷ் கட்டளை கொடுங்கள்.
- யாரும் பேசாதபோது குப்பை வருகிறது: லைன் அந்தரத்தில் நிற்கிறது. ஏவுக்கும் பிக்கும் இடையே 200 மில்லி வோல்ட்டாவது இருக்கும்படி, ஒரே ஒரு இடத்தில் ஏவிலிருந்து பாசிட்டிவுக்கு ஒன்றும் பியிலிருந்து கிரவுண்டுக்கு ஒன்றுமாக 680 ஓம் போடுங்கள் (5 வோல்ட் சப்ளைக்கான அளவு இது).
- போர்டுகள் கூடக் கூட மோசமாகிறது: பவரை நிறுத்தி ஏவுக்கும் பிக்கும் இடையே ஓம் அளவுங்கள். 60 ஓமை ஒட்டி வர வேண்டும். இரண்டு கோடியிலும் தலா ஒரு 120 ஓம் இருந்தால் அதுதான் கணக்கு. 24 ஓம் வந்தால் ஐந்து போர்டிலும் 120 ஓம் உட்கார்ந்திருக்கிறது. பல மாட்யூல்களில் அதைச் சோல்டர் செய்தே தருகிறார்கள். நடுவில் உள்ளவற்றில் அதை எடுத்துவிடுங்கள். 120 வந்தால் ஒரு முனையில் இல்லை.

டிஃபரன்ஷியல்தானே, கிரவுண்ட் எதற்கு என்று கேட்பார்கள். வாங்கும் சிப் தன் கிரவுண்டிலிருந்து மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட்டுக்குள் உள்ளதைத்தான் தாங்கும். மூன்றாவது ஒயர் இல்லாமல் விட்டால் அந்த எல்லையைக் காப்பவர் யாரும் இல்லை. ஈஎஸ்பி32-வில் 3.3 வோல்ட் மேக்ஸ்3485 பயன்படுத்துங்கள். மேக்ஸ்485 தருவது 5 வோல்ட், அந்தக் கால்களுக்கு அது ஆகாது.

## எஸ்பிஐ டிஸ்ப்ளே அல்லது மெமரி கார்டு தவறுகிறது

எஸ்பிஐயில் கிளாக் போய்ச் சேர்ந்த பிறகுதான் பதில் பிட் திரும்பி வரும். கேபிளில் சிக்னல் மீட்டருக்குச் சுமார் 5 நானோ வினாடி எடுக்கும். 10 மீட்டருக்குப் போய் வர 100. 8 மெகாஹெர்ட்ஸில் அரைத் துடிப்பே 62.5 நானோ வினாடி. பதில் வருவதற்குள் அடுத்த பிட்டின் நேரம் வந்துவிடும். வேகத்தைக் குறைத்தால் இது தீரும். குறைத்தும் பிட்டுகள் ஒன்று தள்ளி வந்தால், எதிரொலியால் ஒரு கிளாக்கை சிப் இரண்டாக எண்ணுகிறது. கிளாக் கிளம்பும் காலிலேயே 33 முதல் 100 ஓம் தொடராக வையுங்கள். ஒரு மீட்டருக்கு மேல் எஸ்பிஐயை இழுப்பதை நான் விட்டுவிட்டேன்.

## மோட்டார், ரிலே ஓடும்போது மட்டும் கெடுகிறது

ரிலேயிலிருந்து சுமையைக் கழற்றிவிட்டு, ரிலேயை மட்டும் டக் டக் என்று ஓட்டிப் பாருங்கள்.

அப்போதும் கெட்டால் காயில் பக்கம் பிரச்சினை. காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவைப் பார்த்தபடி இருக்கிறதா? ரிலேயின் கரண்டும் சென்சாரின் கரண்டும் ஒரே மெல்லிய கிரவுண்ட் ஒயரில் திரும்புகிறதா? இரண்டுக்கும் சப்ளையிலிருந்தே தனித்தனிக் கிரவுண்ட் இழுங்கள்.

சுமை இணைத்தால் மட்டும் கெட்டால் சிக்னல் கேபிளை மோட்டார் ஒயரிலிருந்து ஒரு முழமாவது விலக்குங்கள். கடந்தே தீர வேண்டும் என்றால் குறுக்காகக் கடக்கட்டும், கூடவே ஓட வேண்டாம். டிசி மோட்டார் என்றால் அதன் கால்களுக்குக் குறுக்கே ஒரு 104.

வீட்டு மின்சாரத்தில் ஓடும் மோட்டாருக்கு ஸ்னப்பர் (இரைச்சலை அடக்கும் சுற்று) போடுவது, மின்சார ஒயர் போகும் அதே குழாயிலிருந்து சிக்னல் கேபிளைப் பிரிப்பது, இவற்றை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். பெட்டியைத் திறந்து நீங்களே கை வைக்க வேண்டாம்.

## ஆட்டினால் வருகிறது, விட்டால் போகிறது

கிரிம்ப், பிரெட்போர்டு, ஜம்பர் ஒயர். மூன்றையும் சந்தேகப்படுங்கள். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, ஒருவர் கேபிளை அடி அடியாக வளைத்துக்கொண்டே வர, மற்றவர் சத்தம் விட்டுப்போகும் இடத்தைக் கேட்கட்டும். வெயிலிலோ மழையிலோ மட்டும் கெட்டால் வெளியே இருக்கும் ஜாயிண்டைத் திறந்து பாருங்கள்; பச்சை படிந்திருந்தால் வெட்டி எறிந்துவிட்டு, புதிதாகச் சோல்டர் செய்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயால் மூடுங்கள்.

## இரண்டு கட்டிடங்களுக்கு இடையே இணைத்ததும் போர்டு எரிகிறது

இங்கே நிறுத்துங்கள். கேபிளை ஒரு முனையில் மட்டும் இணைத்து, மறுமுனையில் கேபிளின் கிரவுண்டுக்கும் அந்தப் பக்கப் போர்டின் கிரவுண்டுக்கும் இடையே ஏசி வோல்டேஜை அளவுங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைக்காதீர்கள். தொட்டால் ஜிவ்வென்று இழுத்தாலோ, பெட்டியின் உலோகத்தில் வோல்டேஜ் இருந்தாலோ, எர்த்திங்கைச் சோதிக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் முடிக்கும்வரை எதையும் செருக வேண்டாம்.

எர்த்திங் சரியாக இருந்தும் கேபிள் வெட்டவெளியில் போகிறது என்றால், தனிமைப்படுத்திய ஆர்எஸ்-485 மாட்யூலும், கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் சர்ஜ் தடுப்பானும் வேண்டும். பக்கத்தில் விழும் இடியே நீளக் கேபிளில் சிப்பைக் கொல்லும் வோல்டேஜை ஏற்றிவிடும். வை-ஃபையோ லோரா ரேடியோவோ வேலைக்கு ஆகும் என்றால் அங்கே கேபிளே இழுக்காதீர்கள்.